புது வீட்டில் படிப்பு மூலை: பாயிண்ட் முதலில், பலகை கடைசியில்

புது வீட்டில் படிக்க ஒரு இடம் ஒதுக்கும்போது பலரும் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் மேஜை வருகிறது. அது எந்த மூலையில் அடங்குகிறதோ அங்கே தள்ளப்படுகிறது. பிளக் பாயிண்ட் கட்டிலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது அப்புறம்தான் தெரிகிறது. ஆறு மாதம் கழித்து, மேஜைக்குப் பின்னால் சுவர் பொரிந்து பெயின்ட் உதிர்கிறது.

சரியான வரிசை இதுதான்: இடம், மின் பாயிண்ட், சுவர் காய்வது, அதன் பிறகு பலகை. முதல் இரண்டையும் பூச்சு வேலைக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். பலகையை எவ்வளவு தள்ளிப்போடுகிறீர்களோ அவ்வளவு நல்லது.

இங்கே சொல்லும் அளவுகள் 4 அடி நீளம், 2 அடி அகலமுள்ள ஒரு மேஜைக்கும் அதன் மேலே சுவரில் இரண்டு ஷெல்ஃபுக்கும். எல்லாம் ஒரே ஒரு எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட்டில் முடிந்துவிடும்.

இடம்

தரையில் சாக்பீஸால் 4 அடிக்கு 2 அடி கட்டம் போடுங்கள். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்க இன்னும் 3 அடி வேண்டும். அந்த 5 அடி ஆழத்துக்குள் அறைக் கதவோ பீரோ கதவோ திறந்து வந்து இடிக்கக் கூடாது. மாடிப்படிக்கு அடியில் அமைப்பவர்கள் மேஜை இருக்கும் இடத்து உயரத்தைப் பார்த்து ஏமாறுவார்கள். தலை இடிப்பது எழுந்து நிற்கும் இடத்தில்தான், அங்கே 6 அடிக்குக் குறையக் கூடாது.

வலக்கையால் எழுதுபவருக்கு ஜன்னல் இடப்பக்கம் இருக்க வேண்டும். வலப்பக்கம் இருந்தால் கையின் நிழல் எழுதும் வரியிலேயே விழும். இடக்கைக்காரருக்கு இது மாறும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் கம்ப்யூட்டர் திரை கண்ணாடிபோலப் பளபளக்கும். ஜன்னலை நேரே பார்த்து உட்கார்ந்தால் கண் கூசும். கிழக்கு பார்த்துத்தான் உட்கார வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் வாக்குவாதம் வேண்டாம். கிழக்கு பார்த்து உட்காரும்போது இடப்பக்கம் வடக்கு. வடக்கு ஜன்னலில் வருஷத்தின் பெரும்பகுதி நேர் வெயில் விழாது, வெளிச்சம் மட்டும் வரும். வாஸ்துவும் வெளிச்சக் கணக்கும் ஒத்துப்போகும் இடம் இது.

மேற்குச் சுவரை ஒட்டி மேஜை போடாதீர்கள். 9 அங்குலச் செங்கல் சுவர் மத்தியானம் வாங்கிய வெயிலைச் சாயங்காலத்துக்கு மேல்தான் உள்ளே விடும். பிள்ளைகள் படிக்க உட்காரும் நேரமும் அதுதான். மேல் மாடியாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஃபேனையும் பாருங்கள். அறை நடுவில் தொங்கும் 48 அங்குல ஃபேனின் காற்று மூலைக்குச் சரியாக வந்து சேராது. மேஜைக்குப் பக்கவாட்டில், 7 அடி உயரத்தில் ஒரு வால் ஃபேன் பாயிண்ட் விட்டுவைத்தால் பின்னால் சுவரை உடைக்க வேண்டியிருக்காது.

பாயிண்ட்

தேவையை எண்ணிப் பாருங்கள்: லேப்டாப், மானிட்டர், மேஜை விளக்கு, போன் சார்ஜர், ரூட்டர், பிரிண்டர். ஆறு ஆகிவிட்டது. மேஜைக்கு மேலே நான்கு 6 ஆம்பியர் சாக்கெட், மேஜைக்குக் கீழே தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இரண்டு, ஷெல்ஃப் விளக்குக்கு ஒரு லைட் பாயிண்ட் என்று சொல்லிவிடுங்கள். லைட்டுக்கு 1.5 சதுர மி.மீ. ஒயர் போதும். சாக்கெட் வரிசைக்கு 2.5 போட்டால் நிம்மதி. எர்த் கட்டாயம். போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

லைட், ஃபேன், ரூட்டர், லேப்டாப் சாக்கெட் ஆகியவற்றை இன்வெர்ட்டர் லைனில் சேர்க்கலாம். லேசர் பிரிண்டரைச் சேர்க்கக் கூடாது. சூடேறும் சில நொடிகளில் அது இழுக்கும் மின்சாரம் சின்ன இன்வெர்ட்டரை ஓவர்லோடில் நிறுத்திவிடும்.

அடிக்கடி நடக்கும் தவறு உயரத்தில்தான். மேல் சாக்கெட் பெட்டியின் அடிவிளிம்பு மேஜைப் பலகையிலிருந்து 6 அங்குலம் மேலே இருக்க வேண்டும். அதாவது முடிந்த தரையிலிருந்து சுமார் 35 அங்குலம். ஆனால் பைப் பதிக்கச் சுவரில் காடி வெட்டும் நாளில் டைல்ஸ் போட்டிருக்க மாட்டார்கள். எலெக்ட்ரீஷியன் வெறும் கான்கிரீட்டிலிருந்து டேப் பிடிப்பார். பிறகு கலவையும் டைல்ஸும் சேர்ந்து தரையை 2 முதல் 3 அங்குலம் உயர்த்தும், பெட்டி அந்த அளவுக்குக் கீழே போய்விடும். 6 அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் 3 அங்குலம்தான் மிஞ்சும், அடாப்டர் செருகினால் மேஜையில் முட்டும். மேஸ்திரி டியூப் மட்டம் பிடித்துச் சுவரில் போட்ட லெவல் கோடு எங்காவது இருக்கும். அது முடிந்த தரையிலிருந்து எத்தனை அடி என்று கேட்டு, அந்தக் கோட்டிலிருந்தே எல்லா உயரத்தையும் குறிக்கச் சொல்லுங்கள்.

நெட் கேபிளுக்குத் தனிப் பைப் வேண்டும். கேட் 6 கேபிளை மின் ஒயரோடு ஒரே பைப்பில் இழுப்பது பாதுகாப்புக்கும் ஆகாது, வேகத்துக்கும் ஆகாது. இரண்டும் பக்கம் பக்கமாக ஓடினால் ஒரு அடி இடைவெளி விடுங்கள், குறுக்கே கடந்தால் பரவாயில்லை. கேபிள் இப்போது வாங்காவிட்டாலும் பைப்பைப் போட்டு உள்ளே ஒரு கட்டுக்கம்பியை விட்டுவையுங்கள்.

பைப் எல்லாம் போட்டபின், பூசுவதற்கு முன், சுவரில் டேப்பை விரித்துப் பிடித்து எண்கள் தெரியும்படி போட்டோ எடுங்கள். ஷெல்ஃபுக்குத் துளை போடும் நாளில் இந்தப் போட்டோதான் உங்களைக் காப்பாற்றும்.

சுவர் காயட்டும்

பூச்சுக்கு நாள்கணக்கில் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். வெளியே வெள்ளையாகக் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். அதன் மேல் பலகையை ஒட்டிவைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பலகைக்குள் போகும். மைக்கா உப்பி எழும், பூஞ்சை பிடிக்கும், கரையானுக்கும் வாசல் திறக்கும்.

ஈரத்தைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் ஷீட்டைச் சுவரில் வைத்து நான்கு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். மறுநாள் பிரித்துப் பாருங்கள். உட்பக்கம் நீர் முத்துக்கள் இருந்தாலோ சுவர் கறுத்திருந்தாலோ இன்னும் நாளாகும். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒன்று, மேஜை உயரத்தில் ஒன்று என இரண்டு இடத்தில் பாருங்கள். கீழே மட்டும் ஈரமிருந்தால், மேலே இருப்பது சீக்கிரம் காய்ந்திருக்கலாம், அல்லது தரையிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டிருக்கலாம். இரண்டு வாரம் விட்டு மீண்டும் பாருங்கள். குறையவே இல்லை என்றால் அது பூச்சு ஈரம் அல்ல, மேஸ்திரியைக் கூப்பிட வேண்டிய ஈரம்.

ஆவணியில் கிரகப்பிரவேசம் செய்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. குடிபோன இரண்டு மாதத்தில் ஐப்பசி அடைமழை வந்துவிடும். வெளிச்சுவரில் எங்கே விரிசல், ஜன்னல் ஓரத்தில் எங்கே கசிவு என்பதெல்லாம் அந்த முதல் மழையில்தான் தெரியும். வெளிச்சுவரை ஒட்டித்தான் மேஜை வரப்போகிறதென்றால் கார்த்திகை முடியும்வரை மடக்கு மேஜையில் சமாளிப்பது புத்திசாலித்தனம். தை மாதம் குடிபோகிறவர்களுக்கு அடுத்த மழை தூரத்தில் இருப்பதால் பிளாஸ்டிக் சோதனை சரியாக வந்தால் போதும்.

மேஜை உயரம்

கடையில் விற்கும் மேஜைகள் பெரும்பாலும் 30 அங்குல உயரம். நம்மில் பலருக்கு அது அதிகம், தோள் தூக்கிக்கொண்டே இருக்கும். எந்த நாற்காலியில் உட்காரப் போகிறீர்களோ அதில் பாதம் தரையில் பதிய உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கையின் அடிப்பகுதி வரை அளந்தால் அதுதான் தட்டச்சுக்கு ஏற்ற உயரம். எழுதுவதற்கு ஒரு அங்குலம் கூட இருக்கலாம். வீட்டில் பலர் பயன்படுத்தும் மேஜைக்கு 29 அங்குலம், அதாவது 735 மி.மீ., நல்ல சமரசம். சின்னப் பிள்ளைக்காக மேஜையைத் தாழ்த்தாதீர்கள், இரண்டு வருஷத்தில் உபயோகமற்றுப் போகும். நாற்காலியை உயர்த்திக் காலுக்கு ஒரு பலகை வையுங்கள்.

முழங்காலுக்கு மேலே நடு டிராயர் வேண்டவே வேண்டாம். 4 அங்குல டிராயர் தொடைக்கும் நாற்காலியின் கைப்பிடிக்கும் இருக்கும் இடத்தைத் தின்றுவிடும்.

பலகை வாங்குவதும் வெட்டுவதும்

18 மி.மீ. பிளைவுட் ஒரு ஷீட். மேலே அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். ஐ.எஸ். 303 என்பது சாதாரண ரகம். எம்.ஆர். என்று போட்டிருந்தால் காற்றிலுள்ள ஈரத்தைத் தாங்கும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது. ஐ.எஸ். 710 தண்ணீரைத் தாங்கும் மரைன் ரகம். தினம் ஈர மாப் போடும் வீட்டில் மேஜைக் கால் நனையத்தான் செய்யும், ஆகவே 710 வாங்குங்கள். ஷீட்டை நிறுத்தி ஓரத்தை நான்கு பக்கமும் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை தெரிந்தால் அங்கே ஸ்க்ரூ பிடிக்காது. சின்னத் துளையும் மாவுபோல் தூளும் இருந்தால் உளு விழுந்த சரக்கு, அதைத் தொடாதீர்கள். பார்ட்டிக்கிள் போர்டு விலையில் இழுக்கும், ஆனால் ஒருமுறை கழற்றிய ஸ்க்ரூவை அது மறுபடி பிடிக்காது.

மேல்பக்கம் 1 மி.மீ. மைக்கா ஒரு ஷீட், அடிப்பக்கம் 0.8 மி.மீ. வெள்ளை லைனர் ஒரு ஷீட். அடிப்பக்கத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று விட்டால் மழைக்காலத்தில் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை வளையும். ஷீட்டை முழுசாக ஒட்டி பிரஸ்ஸில் அழுத்தி, பேனல் ரம்பத்தில் வெட்டித் தரும் பட்டறைகள் இருக்கின்றன. அந்தக் கூலி கொடுக்கத் தகுந்தது. மார்பிள் கட்டரில் மரப் பிளேடு மாட்டி வெட்டும் பழக்கம் விரலுக்கும் ஆபத்து, மைக்கா ஓரமும் பல்பல்லாகப் பெயரும்.

வெட்டுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியது:

மேஜை மேல் பலகை: 1200 × 600, ஒன்று
பக்கப் பலகை: 705 × 560, இரண்டு
பின் சட்டம்: 1160 × 100, ஒன்று
முன் சட்டம்: 1160 × 75, ஒன்று
ஷெல்ஃப்: 1200 × 210, இரண்டு

எல்லாம் மி.மீ. கணக்கு. ஷீட்டின் 8 அடி நீளத்தில் 1200-க்கு முதல் குறுக்கு வெட்டு. அந்தத் துண்டில் 600, 210, 210, 100, 75 என்று வரிசையாகக் கிழித்தால், வெட்டுக்கு 4 மி.மீ. வீதம் சேர்த்து 1211 ஆகும். ஷீட்டின் அகலம் 1220, சரியாக அடங்கும். மறு துண்டில் பக்கப் பலகைகள். மிச்சத்தில் கால் பலகையோ மானிட்டர் மணையோ செய்துகொள்ளலாம்.

சட்டம் ஏன் 1160? 18 மி.மீ. பலகை மைக்காவும் லைனரும் ஏறியபின் 20 ஆகிவிடும். 18 என்று நினைத்து 1164 வெட்டினால், சேர்க்கும்போது பக்கப் பலகை வெளியே பிதுங்கும். உயரத்திலும் இதே கணக்கு: 705-ஓடு மேல் பலகை 20, காலுக்கு அடியில் அடிக்கும் பிளாஸ்டிக் புஷ் 10, மொத்தம் 735. உங்கள் உயரம் வேறென்றால் பக்கப் பலகையை மட்டும் மாற்றுங்கள்.

பலகையின் ஓரத்தில் ஒட்டும் பட்டை, அதாவது எட்ஜ் பேண்ட், 22 மி.மீ. அகலத்தில் சுமார் 19 மீட்டர் தேவை, 22 மீட்டர் வாங்குங்கள். பக்கப் பலகையின் அடிவிளிம்பில் ஒட்டாமல் விடுவது வழக்கம், யார் கண்ணுக்கும் தெரியாதே என்று. தண்ணீர் ஏறுவது அந்த வழியாகத்தான்.

சேர்ப்பது

பழைய பெட்ஷீட்டை விரித்து மேல் பலகையைக் கவிழ்த்துப் போடுங்கள். பக்கப் பலகைகள் முன்விளிம்பிலிருந்து 20 மி.மீ. உள்ளே, பின்விளிம்பிலிருந்தும் 20 மி.மீ. உள்ளே நிற்க வேண்டும். பின்னால் விடும் அந்த 20 மி.மீ. ஸ்கர்டிங் டைல்ஸுக்காக. அதை மறந்தால் கால் ஸ்கர்டிங்கில் முட்டி நிற்கும், மேஜைக்கும் சுவருக்கும் நடுவே பென்சில் விழும் இடுக்கு வந்துவிடும்.

முன் சட்டம் முன்விளிம்பிலிருந்து 150 மி.மீ. உள்ளே, பின் சட்டம் பின்விளிம்பிலிருந்து 100 மி.மீ. உள்ளே. பின் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் கிடைக்கும் சந்துதான் ஒயர்கள் ஒளிய இடம்.

சட்டத்தின் ஒவ்வொரு முனைக்கும் பக்கப் பலகை வழியாக 2 அங்குல ஸ்க்ரூ இரண்டு, மொத்தம் எட்டு. முதலில் 3 மி.மீ. பிட்டால் துளை போடுங்கள். நேரடியாக ஸ்க்ரூவைத் திருகினால் அடுக்குகள் வாழைப்பட்டைபோலப் பிரியும். வெளியே தெரியும் ஸ்க்ரூத் தலைக்கு மைக்கா நிறத்தில் ஸ்டிக்கர் மூடி கிடைக்கிறது.

மேல் பலகையைப் பிடிக்க ஓர் அங்குல ரீப்பர் (மெல்லிய மரக்கட்டை) 10 அடி வேண்டும். பக்கப் பலகை ஒவ்வொன்றுக்கும் 300 மி.மீ., சட்டம் ஒவ்வொன்றுக்கும் 1 மீட்டர் என வெட்டி உள்மூலைகளில் வைத்து ஒன்றரை அங்குல ஸ்க்ரூவால் இறுக்குங்கள். 32 ஸ்க்ரூ ஆகும். இங்கே 2 அங்குலம் போடக் கூடாது. ரீப்பர் 25, பலகை 20, சேர்ந்து 45 மி.மீ.தான். 50 மி.மீ. ஸ்க்ரூ மேஜையின் முகத்தில் மைக்காவைக் குத்திக்கொண்டு வெளியே வரும். அதன் பிறகு எதுவும் செய்ய முடியாது.

பக்கப் பலகைகளின் அடியில் பிளாஸ்டிக் புஷ் இரண்டிரண்டு அடித்து நிமிர்த்துங்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கம் புஷ்ஷுக்கு அடியில் ரப்பர் தகடு கொடுங்கள். கடைசியாக மேல் பலகையின் அடியில் இரண்டு சிறிய எல் ஆங்கிள் வைத்துச் சுவரோடு பிணையுங்கள். இதைச் செய்யாவிட்டால் எழுதும்போது மேஜை பக்கவாட்டில் ஆடும். ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கினாலும் அந்த ஆட்டம் போகாது.

ஷெல்ஃபும் சுவரும்

கீழ் ஷெல்ஃப் மேஜையிலிருந்து 22 அங்குல உயரத்தில். 24 அங்குல மானிட்டர் அதன் கீழே நிற்கும். அடுத்தது அதற்கு மேல் 13 அங்குலத்தில், ஏ4 ஃபைல் நிற்கும் இடம். புத்தகம் அடுக்கினால் ஒரு அடிக்கு 6 முதல் 8 கிலோ வரும், 4 அடிக்கு 32 கிலோ வரை. இரண்டு முனையில் மட்டும் பிடி கொடுத்தால் ஒரு வருஷத்தில் நடு தொங்கும். ஷெல்ஃபுக்கு மூன்று பிராக்கெட், 200 × 150 அளவில், நீளக்கை சுவரில் இருக்கும்படி.

துளை போடுமுன் போட்டோவைப் பாருங்கள். போட்டோ இல்லையென்றால் ஒரு விதி: சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும், நேர் இடமும் வலமும் பைப் ஓடுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

8 மி.மீ. பிட், ஹேமர் டிரில். துளைக்குக் கீழே ஒரு பழைய கவரை விரித்து ஒட்டுங்கள், தூள் அதில் விழும். அந்தத் தூளின் நிறத்தைக் கவனியுங்கள். முதலில் சாம்பல் நிறம், அது பூச்சு. 12 முதல் 15 மி.மீ. போனபின் சிவப்பாக மாறினால் செங்கல், நல்ல பிடி. சாம்பல் நிறமே தொடர்ந்தால் ஃப்ளை ஆஷ் கல். பிட் முன்னேறாமல் கத்தினால் கான்கிரீட் தூண், கம்பியில் பட்டிருந்தால் இடத்தை ஓர் அங்குலம் மாற்றுங்கள். வெள்ளைத் தூள் மாவாகக் கொட்டி, பிட் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் ஏ.ஏ.சி. பிளாக், காற்றுக் குமிழி நிறைந்த இலேசான கல். இங்கே ஹேமரை உடனே அணைத்துச் சாதாரணச் சுழற்சியில் போடுங்கள், ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் அடிக்கும் சாதாரண பிளாஸ்டிக் பிளக்கையும் நம்பாதீர்கள். ஏ.ஏ.சி. பிளாக்குக்கென்றே இறக்கை வைத்த நைலான் பிளக் உண்டு. கனமான புத்தகங்களுக்கு, துளைக்குள் பசை செலுத்திக் கம்பியைப் பிடிக்கவைக்கும் கெமிக்கல் ஆங்கர் இன்னும் நல்லது.

ஷெல்ஃப் பிடுங்கிக்கொண்டு விழுவதற்கு முக்கியக் காரணம், பிளக் பூச்சிலேயே நின்றுவிடுவது. பிளக்கைச் சுவர் முகத்தோடு சமமாக நிறுத்தாமல், பழைய ஸ்க்ரூவால் தட்டிப் பூச்சைத் தாண்டி உள்ளே தள்ளுங்கள். அப்போது ஸ்க்ரூ நீளக் கணக்கு: பிராக்கெட் 2, பூச்சு 15, பிளக் 40. ஆக 60 மி.மீ. ஸ்க்ரூ. துளையின் ஆழம் 65, பிட்டில் அந்த அளவில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொண்டால் கண்ணுக்கே தெரியும். துளைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுக்காமல் பிளக்கை அடித்தால் அது பாதியில் நின்று மடங்கும்.

விளக்கும் ஒயரும்

ஷெல்ஃபின் அடியில் 2 அடி எல்.இ.டி. பேட்டன், 10 வாட், 4000 கெல்வின். இதை முன்விளிம்பு ஓரமாகப் பொருத்துங்கள். சுவரோடு ஒட்டினால் வெளிச்சமெல்லாம் சுவருக்கே. மேஜை விளக்கு எழுதும் கைக்கு எதிர்ப்பக்கம். படிக்கும் இடத்தில் 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) இருந்தால் போதும். மேஜை மட்டும் வெளிச்சமாகவும் அறை இருட்டாகவும் இருந்தால் கண் சீக்கிரம் களைக்கும், ஆகவே அறை விளக்கையும் அணைக்காதீர்கள்.

மேல் பலகையில் பின்விளிம்பிலிருந்து 2 அங்குலம் தள்ளி மையம் குறித்து 60 மி.மீ. ஹோல் சாவால் ஒரு துளை, அதற்கு மூடி. மைக்கா முகத்திலிருந்து கீழ்நோக்கி வெட்டுங்கள், அடியிலிருந்து வெட்டினால் முகத்தில் சில்லு பெயரும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பின் சட்டத்தின் பின்பக்கம் ஸ்க்ரூ போட்டு மாட்டிவிட்டால் தரையில் ஒரு ஒயரும் கிடக்காது, மாப் தடையில்லாமல் போகும். ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் செருகாதீர்கள்.

புதுப் பலகையின் பசை வாடை ஒரு வாரமாவது இருக்கும். அதுவரை ஜன்னலைத் திறந்து ஃபேனை ஓட விடுங்கள், பிள்ளைகளை அங்கே உட்காரவைக்க அவசரப்பட வேண்டாம். முதல் அடைமழை முடிந்ததும் கீழ் ஷெல்ஃபின் ஸ்க்ரூக்களை ஒரு சுற்று இறுக்கி, டார்ச் அடித்து மேஜையின் பின்பக்கச் சுவரைப் பாருங்கள். ஸ்கர்டிங் ஓரத்தில் மண் கோடு மாதிரி ஏதாவது மேலே ஏறியிருந்தால் அது கரையான். அன்றைக்கே மருந்து அடிக்க ஆளைக் கூப்பிடுங்கள்.